கணிப்பொறி: வாங்கிப் பூட்டுவதா, பூட்டியதை வாங்குவதா?

பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியலை எடுத்துக்கொண்ட மாணவியின் வீட்டில், பள்ளி திறந்த இரண்டொரு வாரத்திற்குள் ஒரு பேச்சு எழும். "பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். கம்பெனிப் பெட்டியாக வாங்கலாமா, ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்துகொள்ளலாமா?" என்பார் தந்தை. "எது மலிவு?" என்பார் தாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். அலுவலக நண்பர் வேறொன்று சொல்வார். செலவழியப் போவதோ பல மாதச் சேமிப்பு. ஆதலால் இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம். லேப்டாப்பை இங்கே விட்டுவிடலாம்; அதை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்க்கும் வழக்கம் இல்லை. மேசைமேல் வைக்கும் டெஸ்க்டாப் கணிப்பொறியைப் பற்றியதே இக்கட்டுரை.

'அசெம்பிள்' செய்வதற்கு நம் சைக்கிள் கடைக்காரர்கள் நல்ல தமிழ்ச் சொல் ஒன்றை நெடுநாளாகவே வைத்திருக்கிறார்கள். "எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, பூட்டிவிட்டேன்" என்பார்கள். பூட்டுதல் என்னும் அச்சொல்லையே நாமும் கொள்வோம்.

துணி எடுத்துத் தைப்பதற்கும் ரெடிமேட் சட்டை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு நாம் எல்லாரும் அறிந்ததே. தியாகராய நகரில் ரெடிமேட் பாவாடை வாங்கினால் அன்றே உடுத்தலாம். பிடிக்காவிட்டால் பில்லைக் காட்டி மாற்றிக்கொள்ளவும் கூடும். துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாலோ, "வளர்கிற பெண், உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்" என்று அம்மா தையற்காரரிடம் சொல்லிவிடுவார். அடுத்த ஆண்டு தையலைப் பிரித்து விட்டால் பாவாடை நீண்டுவிடும். பூட்டிய கணிப்பொறியிலும் இப்படி 'உள்ளே துணி விட்டு' வைக்கலாம். இன்று 8 ஜி.பி. ரேம் ஒன்றைப் பொருத்தி, பக்கத்துப் பள்ளத்தைக் காலியாக விட்டு, இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். கம்பெனிப் பெட்டிகளிலும் சிலவற்றில் இதற்கு இடம் உண்டு. ஆனால் வேறு சிலவற்றில் மின்வழங்கிப் பெட்டியும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் செய்யப்பட்டிருக்கும். அவை பழுதுபட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண உறுப்பு அங்கே பொருந்தாது. வாங்குமுன் இதைக் கேட்டறிவது நல்லது, பெரும்பாலோர் கேட்பதில்லை.

வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கம்பெனி செய்த உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன? இது தானாக நேர்ந்ததன்று. 1975 ஜனவரியில் அமெரிக்காவில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறி வெளிவந்தது. அது பெரும்பாலும் உறுப்புத் தொகுப்பாகவே விற்கப்பட்டது. அப்படி வாங்கியவர் ஈயப் பற்று வைத்துத் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். மறு ஆண்டு ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் 1 பலகையைச் செய்தபோது, 'பைட் ஷாப்' என்ற கடையின் உரிமையாளர் 50 பலகைகள் கேட்டார். ஆனால் உறுப்புகளாக வேண்டாம், பூட்டியே தர வேண்டும் என்றார். நம் வீட்டு விவாதம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம். அப்படித் தந்த பின்பும் பெட்டி, விசைப்பலகை, திரை ஆகியவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரிய திருப்பம் 1981 ஆகஸ்டில் வந்தது. ஐ.பி.எம். கம்பெனி விரைவாகச் சந்தைக்கு வர விரும்பி, தன் சிறு கணிப்பொறியைப் பிறர் செய்து விற்கும் உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. அதன் அமைப்பு விவரங்களையும் புத்தகமாக வெளியிட்டது. அதனைப் பார்த்துப் பிற கம்பெனிகளும் அதே அளவில் உறுப்புகளைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் கம்பெனி வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவு முறையால் திருகாணித் துளைகளின் இடம் கூட ஒன்றாகிவிட்டது. இன்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு திருப்புளியுடன் கணிப்பொறி பூட்ட முடிகிறதென்றால் காரணம் இதுதான்.

நம் நாட்டிலும் இந்த வினா எழுந்தது. வீட்டு மேசையில் அன்று; ஆராய்ச்சி நிலையங்களில். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எச்.இ.சி.-2எம் என்ற கணிப்பொறியை இங்கிலாந்திலிருந்து 1955இல் விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ அதே சமயத்தில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், நாமே ஒன்றைச் செய்து பார்ப்போம் என்று துணிந்தது. அக்குழுவிற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து, நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன். 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மேனியம் டயோடுகள், 12,500 மின்தடைகள்! இத்தனையையும் கையால் பூட்டி, 1960 பிப்ரவரியில் அதனை முழுமையாக இயக்கினர். 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார்.

இக்கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்றுண்டு. டிஃப்ராக் முடிந்த வேளையில் உலகம் வெற்றிடக் குழாயைக் கைவிட்டு டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. அதே நிலையம் 1964இல் சி.டி.சி. 3600 என்ற கணிப்பொறியை வெளிநாட்டிலிருந்து வாங்கியது; டிஃப்ராக் 1965 வரைதான் பயன்பட்டது. அப்படியானால் அவ்வளவு உழைப்பும் வீணா? பொருளை மட்டும் கணக்கிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணிப்பொறி உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதை நூலில் படித்தல்லாமல் கைப்பட அறிந்த ஒரு கூட்டம் நம் நாட்டில் அன்று உருவாகிவிட்டது. பூட்டியவர் கைக்கு வந்த அறிவு, பொறி பழையதான பிறகும் அவரிடமே தங்கிவிட்டது.

இனி ரிச்சி தெருவுக்கு வருவோம். ஆழ்வார்பேட்டையிலிருந்து ராயப்பேட்டை வழியாக அண்ணா சாலை சேர்ந்து, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தின் பக்கம் விசாரித்தால் யாரும் வழி காட்டுவர். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்ததே அந்தச் சந்தை. ஒரு காலத்தில் ரேடியோ உறுப்புகளும், பின்னர் டேப் ரிக்கார்டர், டி.வி. உறுப்புகளும் விற்ற கடைவீதி அது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கணிப்பொறிக் கொள்கையைத் தளர்த்தி இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் கணிப்பொறி உறுப்புகள் அங்கே குவிந்தன. பெட்டிக்கடை அகலமே உள்ள கடைகளில், கூரை வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

ஆனால் அங்கே போய் 'அசெம்பிள்' கணிப்பொறி வாங்குவோரில் பெரும்பாலோர் எதையும் பூட்டுவதில்லை. விலைப்பட்டியலைக் காட்டுவார் கடைக்காரர், தலையசைப்பார் தந்தை, கடைப் பையன் அரைமணி நேரத்தில் பூட்டித் தருவான், ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். என் கருத்தில் மூன்று வழிகளுள் மோசமானது இதுவே. கம்பெனிப் பெட்டியில் கிடைக்கும் பொறுப்பும் இதில் இல்லை. தானே பூட்டினால் கிடைக்கும் அறிவும் இல்லை. பெண்ணின் கைக்கு அப்பெட்டி, பூட்டிச் சாவியைத் தொலைத்த அலமாரிதான்.

பொறுப்பு என்றேன். கம்பெனிப் பெட்டிக்கு நாம் தரும் விலையில் ஒரு பகுதி இதற்காகவே. எது பழுதானாலும் ஒரே எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் போதும். வாரண்டியில் அந்த வசதி அடங்கியிருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார். நாமே பூட்டிய கணிப்பொறியில் செயலிக்கு ஒரு கம்பெனி, ரேமுக்கு ஒரு கம்பெனி, மின்வழங்கிக்கு ஒரு கம்பெனி. வாரண்டிக் காலமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. செயலிக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு. சில ரேம்களுக்கு அதைவிட மிக நீண்ட காலம். ஓராண்டு மட்டுமே பொறுப்பேற்கும் கம்பெனிப் பெட்டியைவிட இது மேல் என்று கூடச் சொல்லலாம். ஆனால் எந்த உறுப்பு பழுது என்று கண்டுபிடிக்க வேண்டியவள் நீ. அதைக் கழற்றிச் சர்வீஸ் நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவளும் நீ. மறுநாள் தேர்வு இருக்கையில் திரை கறுத்துவிட்டால் இது எளிய காரியம் அன்று.

கம்பெனி என்றால் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணவும் வேண்டா. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரரான சிவ நாடார் நண்பர்களுடன் 1976இல் தொடங்கிய எச்.சி.எல்., 1978இலேயே இந்தியாவில் சிறு கணிப்பொறி செய்த நிறுவனம். விப்ரோவின் கணிப்பொறியும் ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்தது. விப்ரோ 2013இல் கணிப்பொறி செய்வதை நிறுத்திக்கொண்டது, எச்.சி.எல்.லும் அவ்வாறே அத்தொழிலை விட்டது.

விலையைப் பற்றித் தாய்மார் கேட்பார்கள். 'பூட்டினால் எப்போதும் மலிவு' என்பது பழைய பேச்சு. கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் போதுமான எளிய கணிப்பொறியைப் பெரிய கம்பெனிகள் இலட்சக்கணக்கில் செய்வதால், விண்டோஸ் உரிமத்தையும் சேர்த்தே குறைந்த விலைக்குத் தர அவற்றால் முடிகிறது. நாம் ஒவ்வொன்றாக வாங்கினால் அதற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வந்துவிடும். படம் வரைதல், வீடியோ தொகுத்தல் போன்ற வேலைக்கு வேகமான பொறி தேவையானால் பூட்டுவதில் மிச்சம் தெரியும். அதுவும் சந்தை நிலையைப் பொறுத்ததே. 2021இல் கிராபிக்ஸ் கார்டுக்கும், 2025இன் இறுதியில் ரேமுக்கும் உலகெங்கும் தட்டுப்பாடு வந்து விலை ஏறிற்று. அன்றைய விலையை நாலு கடையில் கேட்டுக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, பூட்டுவதென்று முடிவு செய்துவிட்டாய். எப்படிப் பூட்டுவது?

முதலில் தாளும் பென்சிலும். செயலியைத் தேர்ந்தெடுத்தபின் அதற்கு ஏற்ற மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டெல் செயலிக்குரிய பலகையில் ஏ.எம்.டி. செயலி அமராது. மதர்போர்டு டி.டி.ஆர்.4 ரேம் கேட்கிறதா, டி.டி.ஆர்.5 கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் பள்ளத்தில் மற்றது இறங்காது. இன்டெல் செயலிப் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் திரைக்குப் படம் தரும் பகுதி இல்லை என்று பொருள். விலை குறைவென்று அதை வாங்கி வந்து, தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இயக்கினால் திரையில் ஒன்றும் வராது. பல வீடுகளில் முதல் நாள் அழுகைக்கு அந்த ஒற்றை எழுத்தே காரணம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, அகலமான மேசையில் செய்தித்தாள் விரித்து உட்கார். உறுப்பைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடு. உடலில் நிலைமின்சாரம் இருந்தால் அதில் இறங்கிவிடும். சென்னைக் காற்றின் ஈரத்தில் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனாலும் தொடு. மதர்போர்டை வெளியிலேயே வைத்துச் செயலியைப் பொருத்த வேண்டும். இன்றைய பலகைகளில் பெரும்பாலானவற்றில் தலைமயிர் போன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் பலகையின் பக்கமே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று வளைந்தாலும் பலகை கெட்டுவிடக்கூடும். செயலியின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தையும் பலகையில் உள்ள முக்கோணத்தையும் ஒன்றாக்கி, நற்கருணை அப்பத்தைத் தட்டில் வைப்பது போல மெல்ல வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. ரேமுக்கு நேர்மாறு. அதைக் 'கிளிக்' என்ற ஒலி கேட்கும் வரை இரு கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும். முதன்முறை பூட்டுவோர் செயலியை அழுத்தியும் ரேமை அழுத்தாமலும் விட்டுவிடுவர்.

பிறகு செயலியின் முதுகில் பயற்றம்பருப்பு அளவு வெப்பப் பசை இட்டு, அதன் மேல் குளிர்விக்கும் விசிறியைப் பொருத்தி, விசிறியின் மின்கம்பியையும் மறவாமல் செருக வேண்டும். பலகையைப் பெட்டியில் இறக்கித் திருகாணிகளை மூலைக்கு மூலை சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். மின்வழங்கியிலிருந்து வரும் 24 ஊசிப் பெரிய கம்பி ஒன்று. செயலிக்கென்று தனியே நான்கு அல்லது எட்டு ஊசிக் கம்பி ஒன்று. இரண்டாவதை மறந்தால் விசிறிகள் சுழலும், கணிப்பொறி விழிக்காது. எல்லாம் சரியானால் திரையில் கம்பெனிப் பெயரோ பயாஸ் பக்கமோ தோன்றும். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. முதன்முறை என்றால் இரவுச் சாப்பாடு தாமதமாகும்.

இதெல்லாம் பெண்பிள்ளைக்கு எதற்கு, அண்ணன் பார்த்துக்கொள்வானே என்பது பல வீடுகளில் கேட்கும் சொல். அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1921இல் அயர்லாந்தில் பிறந்து, சிறு குழந்தையாய் அமெரிக்கா சென்றவர் கேத்லீன் மெக்நல்டி. பிலடெல்பியா நகரில் நம் பள்ளி போன்ற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர் புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகள் நடத்திய செஸ்ட்நட் ஹில் பெண்கள் கல்லூரியில் 1942இல் கணிதப் பட்டம் பெற்றார். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எனியாக் கணிப்பொறிக்கு முதன்முதல் நிரல் அமைத்த ஆறு பெண்களுள் அவர் ஒருவர். அப்போது அதற்குக் கையேடு இல்லை. பொறியின் வரைபடங்களை அவர்கள் கையில் கொடுத்து, நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டனர். வரைபடத்திலிருந்தே அதன் உள்ளமைப்பை முழுதும் கற்று, எந்தக் குழாய் பழுது என்று சொல்லும் அளவுக்குத் தேறினர் அந்த அறுவரும். 1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிய பின் நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. பெட்டியைத் திறக்கும் பெண்ணை மறந்துவிடும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று.

ஆகவே என் விடை இது. மடத்து அலுவலகத்திற்கும், தனியே வாழும் தாத்தா பாட்டிக்கும், கணிப்பொறியைக் கருவியாக மட்டும் கொள்பவர்க்கும் கம்பெனிப் பெட்டியே தக்கது. நீண்ட வாரண்டியுடன் வாங்குக. கணிப்பொறி அறிவியல் படிக்கும் பெண்ணுள்ள வீட்டில், விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், உறுப்புகளாக வாங்கி அவளையே பூட்டச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் உட்காரலாம். திருப்புளி மட்டும் அவள் கையில் இருக்கட்டும்.

ஒரு செய்தியில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூட்டிய கணிப்பொறியில் விண்டோஸ் தானாக வராது. "போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்" என்று யாரேனும் சொன்னால் அது பெரும்பாலும் களவு நகலே. பத்துக் கட்டளைகளுள் ஏழாவது மென்பொருளுக்கும் பொருந்தும். உரிமம் வாங்கப் பணம் இல்லையெனில் லினக்ஸ் இருக்கிறது, முறைப்படியே இலவசம். மாநிலப் பாடத்திட்டப் பதினோராம் வகுப்பு நூலில் உபுண்டு பற்றிய பாடமே உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் உண்டு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல் நின்றபின், விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகளுக்கும் இதுவே மறுவாழ்வு.

நம் ஊரின் இயல்பையும் மறக்கலாகாது. கடற்காற்றின் ஈரமும் தெருப் புழுதியும் சேர்ந்தால் விசிறிகளில் கம்பளி போல அழுக்குப் படியும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்து மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். பின்புறம் காலியான துளைகளை மூடி வையுங்கள்; கரப்பான் பூச்சிக்குக் கதகதப்பான இடம் மிகவும் பிடிக்கும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023இன் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த நமக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ். இல்லாமல் மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டு வேலை போய்விடும்.

கடைசியாக, பில். ஜி.எஸ்.டி. இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்; பில் இல்லாத உறுப்புக்கு வாரண்டி கேட்க இயலாது. பில்லில் ஒவ்வொரு உறுப்பின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் உறுப்பின் மேலுள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பில்களை ஒரே உறையிலும் அட்டைப்பெட்டிகளைப் பரணிலும் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழிக்கும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அந்த அட்டைப்பெட்டிகள்தாம். ஆகவே அவற்றின் மேல் 'எறியக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது.